ஊர்நீர் ஊரார் கையில்

(சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



திருவள்ளூர் மாவட்டத்திலே, கும்மிடிப்பூண்டி வட்டத்திலே, ஆந்திர எல்லையை அடுத்துத் தேர்வாய் கண்டிகை என்றோர் ஊர் உளது. அவ்வூரின் பெயரை இன்று தமிழகம் அறிந்திருக்கின்றது. அறிந்ததற்குக் கரணியம் இரண்டு. ஒன்று, அங்கு அமைந்த சிப்காட் தொழிற்பேட்டை. மற்றொன்று, அங்கு எழுந்த நீர்த்தேக்கம். தேர்வாய் கண்டிகை ஏரியையும் கண்ணன்கோட்டை ஏரியையும் ஒன்றாக இணைத்து, 2013-ஆம் ஆண்டு பணி தொடங்கி, ஏறத்தாழ 380 கோடி உருபாச் செலவில் முடிக்கப்பெற்ற அந்நீர்த்தேக்கம் 2020-ஆம் ஆண்டு நவம்பர் 21-ஆம் நாள் திறந்து வைக்கப்பெற்றது. 1944-இல் பூண்டி நீர்த்தேக்கம் அமைந்த பின்னர்ச் சென்னையின் குடிநீர்க்கெனப் புதிதாய் எழுந்தது இதுவே. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் என்னும் நான்கினொடும் சேர்த்து இதனை ஐந்தாம் நீர்த்தேக்கம் என்பர்.

அதன் கொள்ளளவு 50 கோடி கன அடி. அஃதாவது அரை டி.எம்.சி. இத்தகைய எண்கள் காதில் விழும், கருத்தில் நில்லா. ஆகவே வீட்டுக் குடத்தால் அளந்து பார்ப்போர்க்கு விளங்குமாறு ஒரு கணக்குச் சொல்லப்பட வேண்டும்.

50 கோடி கன அடி என்பது ஏறத்தாழ 1,416 கோடி லிட்டர். ஓர் ஊரில் 400 வீடுகள், வீட்டிற்கு ஐவர், ஆக 2,000 பேர் என்று வைத்துக்கொள்க. ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்பது நடுவணரசு சிற்றூர்களுக்கென வகுத்த அளவு. அவ்வாறாயின் அவ்வூர்க்கு ஒரு நாளைக்கு 1,10,000 லிட்டர் வேண்டும். ஓராண்டுக்கு ஏறத்தாழ நான்கு கோடி லிட்டர். வெயிலில் ஆவியாவதும் மண்ணிற் கசிவதும் ஒருபுறம் இருக்க, ஒரு முறை நிரம்பிய அந்நீர்த்தேக்கம் அத்தகைய ஊர் ஒன்றுக்கு 350 ஆண்டுகளுக்குக் குடிநீர் ஊட்டும்! ஓராண்டில் அவ்வூர் குடிப்பது தேக்கத்தின் கொள்ளளவில் ஒரு விழுக்காட்டின் மூன்றிலொரு பங்கும் ஆகாது.

இக்கணக்கு எதனைக் காட்டுகின்றது? கரையில் வாழும் ஊர்க்குத் தண்ணீர் கொடுத்தால் மாநகரம் வறண்டுவிடும் என்பது பொய் என்பதைக் காட்டுகின்றது. சிற்றூரின் குடிநீர்ச் சிக்கல் நீரின் அளவுபற்றிய சிக்கலன்று. நீரின் மேல் யார்க்கு ஆட்சி என்பது பற்றிய சிக்கல். இன்றைய பேச்சின் உட்பொருள் இதுவே.

பெருமக்களே! தமிழன் நீரைப் பல பெயரால் அழைத்தவன். மலையில் ஊறுவதைச் சுனை என்றான். சிறிதாகத் தோண்டியதைக் கூவல் என்றான். கட்டிய கிணற்றைக் கேணி என்றான். ஏரின் தொழிலுக்கு உதவுவதை ஏரி என்றான். ஊரார் உண்ணும் நீர்க்கென ஒதுக்கியதை ஊருணி என்றான். ஊர் உண்பது ஊருணி. சொல்லிலேயே உரிமை அமைந்து கிடக்கின்றது. அஃது அரசன் உண்பதன்று, செல்வன் உண்பதன்று, ஊர் உண்பது. ஒப்புரவாளன் கைச்செல்வத்திற்கு உவமை தேடிய வள்ளுவப் பெருந்தகை, நீர் நிறைந்த ஊருணியையே உவமையாக எடுத்தாண்டார். எல்லார்க்கும் பொது என்னும் கருத்துக்கு அதனினும் தெளிந்த உருவம் தமிழ் மண்ணில் இல்லாமையாலன்றோ அவர் அதனைத் தேர்ந்தார்! நீரைத் தேக்கி வைக்குமாறு பாண்டியன் நெடுஞ்செழியனுக்குக் குடபுலவியனார் அறிவுறுத்திய செய்தியைப் புறநானூறு காட்டும். வேந்தனின் கடன் நீர்நிலை அமைத்தல். அமைத்த பின் அதனை ஆண்டு காத்தல் ஊராரின் கடன். இதுவே பழைய முறை.

அம்முறைக்குக் கல்லிற் பொறித்த சான்று காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில் உளது. முதற் பராந்தக சோழன் காலத்து 919, 921 ஆகிய ஆண்டுகளின் கல்வெட்டுகள் குடவோலைத் தேர்தலை விளக்குகின்றன. ஊரின் முப்பது குடும்புகளினின்றும் குடவோலையால் முப்பதின்மர் எடுக்கப்பெற்றனர். அவருள் பன்னிருவர் ஆண்டு வாரியர். பன்னிருவர் தோட்ட வாரியர். அறுவர் ஏரி வாரியர். நீரைக் காப்பதற்கென்றே ஒரு தனி வாரியம்! முன்னர்ப் பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் குடவோலைக்குத் தகார் என்று அக்கல்வெட்டு விதிக்கின்றது. ஆயிரத்து நூறு ஆண்டுகட்கு முன் எழுதப்பட்ட இவ்விதியை இன்றைய ஊராட்சிகளுக்கு அப்படியே வைத்தால், எத்தனை பேர் தேறுவர் என்பதை அவரவரே எண்ணிப் பார்க்க.

ஆயினும் பழம்பெருமை பேசி மகிழ்வதோடு நின்றுவிடுதல் அறிவுடைமையாகாது. அவ்வூர் ஒரு சதுர்வேதிமங்கலம். நிலமும் வேதக் கல்வியும் உடைய ஆடவர்க்கே அங்குக் குடவோலை. உழைத்த குடிகளுக்கும் பெண்களுக்கும் இடமில்லை. கணக்கு ஒப்புவிக்கும் ஒழுங்கை அக்கல்வெட்டினின்று கற்றுக்கொள்க. ஒதுக்கி வைக்கும் ஒழுங்கின்மையை அக்கல்லோடே விட்டுவிடுக.

இதனினும் கசப்பான உண்மை ஒன்று உண்டு. தொண்டை நாட்டின் ஏரிப் பாசன ஊர்களில் நீர்க்கட்டி என்றொரு பணியாளர் இருந்தார். தென்பாண்டி நாட்டில் அவரை நீர்பாய்ச்சி என்பர். மதகைத் திறப்பதும் அடைப்பதும், எவ்வயலுக்கு எத்துணை நேரம் நீர் என்று முறைவைப்பதும் அவர் கடமை. அறுவடைக் காலத்தில் உழவர் ஒவ்வொருவரும் அவர்க்கு நெல் அளந்தனர். நிலமில்லாதவரே பெரும்பாலும் அப்பணிக்கு அமர்த்தப்பட்டார். தமக்கென வயல் இல்லாதவர் ஒருபால் கோடார் என்பது ஊரின் நம்பிக்கை. அவர் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட குடியைச் சேர்ந்தவர். ஊரின் வயல்களுக்கெல்லாம் நீரைப் பங்கிட்ட அக்கை, ஊர்க் கேணியில் ஒரு குடம் நீர் மொள்ளக் கூடாது என்றது சாதி! நடுவுநிலைமைக்கு அவரை நம்பிய ஊர், தாகத்திற்கு அவரை நம்பவில்லை. தமிழன் தன் நீர்வரலாற்றைப் பேசும்பொழுது இவ்விரண்டையும் சேர்த்தே பேச வேண்டும். ஒன்றை மறைத்து மற்றொன்றைப் பாடுவது வரலாறாகாது.

சரி, ஊரார் கையிலிருந்த நீராட்சி எங்ஙனம் நழுவிற்று? ஆங்கிலவர் வந்தனர், ஏரிகளை வருவாய்க் கணக்கில் எழுதினர், பொதுப்பணித்துறை என ஒன்றை அமைத்தனர். ஊரார் தாமே கூடிச் செய்துவந்த ஏரிப்பணியை 1858-ஆம் ஆண்டுச் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டத்தால் கட்டாயமாக்கினர். உரிமையாய் இருந்தது கடமையாயிற்று, பின்னர்த் தண்டனையாயிற்று. குடிமராமத்து என்னும் சொல்லே அம்மாற்றத்தைக் காட்டும். குடி தமிழ், மராமத்து அரபு. குடிகளின் பணிக்கு ஆள்வோர் மொழியில் பெயர் விழுந்த அன்றே பணியும் ஆள்வோர்க்கு உரியதாயிற்று எனலாம்.

விடுதலைக்குப் பின்னரும் அந்நிலை மாறவில்லை. 1971-இல் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம் அமைந்தது. அவ்வாரியத்தின் பொறியாளர்கள் ஆழ்துளைக் கிணறும் மேல்நிலைத் தொட்டியும் குழாயும் தமிழகத்துச் சிற்றூர்கள் பலவற்றிற்குக் கொண்டு சேர்த்தனர். அது நன்றியோடு நினைக்கத்தக்க பணி. ஆனால் ஒன்று நேர்ந்தது. முன்பு ஊருணிக்குக் காவல் வைத்த ஊர், இப்பொழுது குழாயடியில் குடத்தோடு வரிசையில் நின்றது. நீரை ஆண்டவர் நீரைப் பெறுபவராயினர். பயனாளி என்று ஓர் அழகிய சொல்லை அவர்க்குச் சூட்டினர். பயனாளிக்கு உரிமை இல்லை. விண்ணப்பம் மட்டுமே உண்டு.

தேர்வாய் கண்டிகையின் கதை இவ்விடத்தில் வந்து பொருந்துகின்றது. அது பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட மக்கள் வாழும் ஊர். அவ்வூரை ஒட்டி 1,127 ஏக்கர் மேய்க்கால் நிலமும் காடுமாகக் கிடந்த பொதுநிலம் தொழிற்பேட்டைக்கென எடுக்கப்பட்டது. ஆடு மாடு மேய்ந்ததும் விறகும் மூலிகையும் கிடைத்ததும் அங்கே. ஊர் ஏரிகளுக்கு மழைநீர் வடிந்து வந்ததும் அங்கிருந்தே என்று ஊரார் முறையிட்டனர். உண்ணாநோன்பு இருந்தனர், உயர்நயமன்றம் சென்றனர். உருளைப்பட்டைத் தொழிற்சாலை அமைத்த நிறுவனம் பிரெஞ்சு நாட்டினதாகையால், 2012-இல் அந்நாட்டிலுள்ள பொருளியல் ஒத்துழைப்பு வளர்ச்சி அமைப்பின் தொடர்பு மையம் வரை ஊராரின் வழக்குச் சென்றது. தொழிற்சாலை நின்றது, காடு நிற்கவில்லை.

அதன்பின் நீர்த்தேக்கம் வந்தது. அத்தேக்கம் நிறையும் நீரில் ஒரு பகுதி அவ்வட்டாரத்து மழைநீர். மற்றொரு பகுதி கண்டலேறு – பூண்டிக் கால்வாய் வழியாக வரும் கிருட்டிணை ஆற்று நீர். 1983-ஆம் ஆண்டு ஏப்பிரல் 18-ஆம் நாள் தமிழக அரசும் ஆந்திர அரசும் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி ஆண்டுக்கு 12 டி.எம்.சி. நீர் எல்லையில் தமிழகத்திடம் ஒப்படைக்கப்பட வேண்டும். 1996-இல் முதன்முதலாக அந்நீர் ஊத்துக்கோட்டை அருகே தமிழக எல்லையைத் தொட்டது. மராட்டிய மலையிலே பிறந்த ஆறு, மூன்று மாநிலம் கடந்து, கால்வாயேறி, தேர்வாய் கண்டிகையின் வாசலில் வந்து தங்கி, சென்னை மாந்தர் தாகம் தீர்க்கப் போகின்றது. வழியில் உள்ள ஊர் அதனைப் பார்த்துக்கொண்டு நிற்கின்றது. மாநகரத்தின் தாகத்தைத் தீர்த்தல் தவறன்று. தாகம் யார்க்கும் தாகமே. ஆனால் நிலத்தையும் ஏரியையும் கொடுத்த ஊர்க்கு அந்நீரின் ஆளுகையில் ஓர் இருக்கை வேண்டாவா?

இதே மாவட்டம் முன்னரும் ஒரு பாடம் கற்றது. ஆரணியாறு, கொசத்தலையாறு ஆகிய இரண்டின் படுகையில் மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம், பூண்டி முதலிய இடங்களில் கிணற்று வயல்கள் அமைத்து மாநகரத்திற்காக நிலத்தடிநீர் பல பத்தாண்டுகள் இறைக்கப்பட்டது. உழவுக்கும் தொழிலுக்கும் இறைத்தது தனி. விளைவு என்ன? மீஞ்சூர்ப் பக்கம் கடல்நீர் நிலத்தடியில் உள்ளேறிற்று. இனித்த கிணறுகள் உவர்த்தன. அப்படுகையின் கடற்கரையிலேயே, காட்டுப்பள்ளியில், கடல்நீரினின்று நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர்க் குடிநீர் ஆக்கும் ஆலையை 2010-இல் அமைக்க வேண்டியதாயிற்று. நிலத்தடி நீரைக் காத்தற்கு ஊரார்க்கு உரிமை இருந்திருப்பின், அளந்து இறைக்க ஓர் ஏரி வாரியம் போன்ற அவை இருந்திருப்பின், இவ்வளவு கேடு நேர்ந்திருக்குமோ?

இனி, சட்டம் என்ன சொல்கின்றது என்பதைக் காண்போர்க்கு வியப்பு உண்டாகும். 1993-ஆம் ஆண்டு ஏப்பிரல் 24-இல் நடைமுறைக்கு வந்த 73-ஆம் அரசியற் சட்டத் திருத்தம், பதினோராம் அட்டவணையில் குடிநீரை ஊராட்சியின் பொறுப்புகளுள் ஒன்றாக வைத்தது. அதனையொட்டி 1994-இல் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் வந்தது. 2019-ஆம் ஆண்டு ஆகத்து 15-இல் நடுவணரசு வீடுதோறும் குழாய்நீர் தரும் திட்டத்தை அறிவித்தது. அதற்குச் சல் சீவன் என்று வடமொழிப் பெயர் இட்டது. தமிழன் குடிக்கும் தண்ணீரும் வேற்று மொழியில் பெயர் பெற்றால்தான் குழாயில் இறங்கும் போலும்! உயிர்நீர் இயக்கம் என்று தமிழில் வழங்குவோமாயின் ஊரார்க்கு அதன் பொருளாவது விளங்கும்.

பெயர் எவ்வாறாயினும், அத்திட்டத்தின் விதிகளில் ஊரார் கைக்கொள்ளத்தக்கவை பல உள. ஒவ்வோர் ஊரிலும் 10 முதல் 15 பேர் கொண்ட குடிநீர்க் குழு அமைய வேண்டும். அவருள் பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும். நாலிலொரு பங்கு நலிந்த பிரிவினர்க்கு உரியது. ஊருக்குள் அமையும் பணியின் செலவில் பத்து விழுக்காட்டை ஊரார் பணமாகவோ பொருளாகவோ உடலுழைப்பாகவோ தர வேண்டும். ஒடுக்கப்பட்ட மக்கள் பாதிக்கு மேல் வாழும் ஊர்களுக்கு அது ஐந்து விழுக்காடு. பணி முடிந்து நீர் ஒழுங்காக வந்தால் பத்து விழுக்காட்டுத் தொகை பரிசாக ஊர்க்குத் திரும்பும். பழுது பார்க்க அது வைப்புத் தொகையாக நிற்கும். நீரின் தூய்மையை ஆய்ந்தறிய ஊர்தோறும் ஐந்து பெண்கள் பயிற்சி பெற வேண்டும். பதினைந்தாம் நிதிக்குழுவும் 2021 முதல் 2026 வரையிலான காலத்திற்கு ஊராட்சிகளுக்கு அளித்த தொகையில் 60 விழுக்காட்டைக் குடிநீர்க்கும் துப்புரவுக்கும் என்றே வரையறுத்தது.

தாளில் எல்லாம் உண்டு. ஆனால் குழு என்பது பல ஊர்களில் பதிவேட்டில் வாழும் குழு. கையொப்பம் இட்டவர்க்கே தாம் உறுப்பினர் என்பது தெரியாது. ஊரவை கூடும், படிக்கப்படும், கை தூக்கப்படும், கலையும். உரிமை சட்டத்தில் எழுதப்பட்டதால் மட்டும் கைக்கு வாராது. எடுத்துக்கொள்வார்க்கே அது வரும்.

எடுத்துக்கொள்வது எங்ஙனம்? அறிவுரை வானத்தில் நில்லாமல் மண்ணில் இறங்குதற்பொருட்டு, ஓர் ஊர் தன் நீரை ஆள்வதற்குச் செய்ய வேண்டுவன சில இங்கு முறையே கூறப்படும்.

முதலாவது, ஊற்றுக்கண்ணை அறிதல். ஊருக்கு நீர் எந்தக் கிணற்றினின்று வருகின்றது, கோடையில் எவ்வளவு கீழிறங்குகின்றது, அக்கிணற்றிற்கு ஊறும் ஏரி எது, அவ்வேரிக்கு வரும் வாய்க்கால் எங்கே அடைபட்டிருக்கின்றது என்பவற்றை ஊரார் வரைபடமாக எழுதி ஊராட்சிச் சுவரிலே ஒட்டுக. கயிறும் கல்லும் கொண்டு திங்கள்தோறும் நீர்மட்டம் அளந்து குறித்துவைக்க ஒரு பள்ளி மாணவனும் போதும்.

இரண்டாவது, தொட்டியைக் காத்தல். மேல்நிலைத் தொட்டியை மாதம் இருமுறை கழுவ வேண்டும். கழுவிய நாளை அதன் மேலேயே எழுத வேண்டும். பிளீச்சிங் தூள் என்று கடைகளில் விற்கும் வெளுப்புத்தூள் ஆயிரம் லிட்டருக்கு நான்கு கிராம் என்பது தமிழக ஊராட்சிகளில் வழங்கும் அளவு. 30,000 லிட்டர்த் தொட்டிக்கு 120 கிராம். அதனை வாளி நீரிற் கரைத்துத் தெளிய வைத்துத் தெளிவை மட்டும் ஊற்றி அரைமணி நேரம் விட்ட பின்னரே நீர் திறக்கப்பட வேண்டும். தொட்டிக்கு அருகில் உள்ள குழாயில் ஆய்ந்தால் போதாது. ஊர்க்கோடியில் உள்ள கடைசி வீட்டுக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லி கிராமாவது குளோரின் எஞ்சியிருக்க வேண்டும். கடைசி வீடு பெரும்பாலும் யார் வீடு என்பது அவையோர் அறிந்ததே.

மூன்றாவது, பங்கீட்டு நேர்மை. மேட்டுத் தெருவிற்கு நீர் ஏறாது. பள்ளத் தெருவில் பெருகி ஓடும். போதாக்குறைக்குச் சிலர் குழாயிலேயே மோட்டாரைப் பொருத்தி உறிஞ்சுவர். அவர் வீட்டுத் தொட்டி நிறையும்; அடுத்த தெருத் தாய் வெறுங்குடத்தோடு நிற்பாள். இதனைத் தடுக்க அதிகாரி வரவேண்டியதில்லை. தெருவாரியாகத் திறப்பு நேரம் வகுத்துச் சுவரில் எழுதுக. மீறுவோர்க்கு முதலில் சொல்லுக. பின்னர்த் தண்டம் விதிக்க. அதன் பின்னரும் மீறின் இணைப்பை நீக்குக. அமெரிக்கப் பேராசிரியர் எலினார் ஆசுட்ரம் அம்மையார் பொதுவளங்களை ஊரார் காக்கும் முறைகளை உலகெங்கும் ஆராய்ந்து 1990-இல் நூல் வெளியிட்டார். 2009-இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற முதற் பெண்மணி அவரே. பொதுவளம் நிலைத்த ஊர்களிலெல்லாம், பயன்கொள்வோரே விதி வகுத்தனர், அவரே கண்காணித்தனர், தண்டம் சிறிதிற் தொடங்கிப் படிப்படியாக ஏறிற்று என்று அவர் கண்டார். நீர்க்கட்டியின் முறைவைப்பு அறிந்த தமிழனுக்கு இது புதிய செய்தியன்று, மறந்த செய்தி.

நான்காவது, கணக்கு. மின்கட்டணம் எவ்வளவு, தொட்டி இயக்குபவர்க்குச் சம்பளம் எவ்வளவு, பழுதுக்கு எவ்வளவு, வீட்டுவரவு எவ்வளவு என்பதைத் திங்கள்தோறும் எழுதிப் பொதுவில் வைக்க. ஏழை வீட்டிற்குச் சலுகை வேண்டுமாயின் அதனையும் ஊரவையில் வெளிப்படையாகவே முடிவு செய்க. பணம் கொடுப்பவர் கேள்வி கேட்பர். கேள்வி கேட்கப்படும் இடத்தில் களவு குறையும்.

ஐந்தாவது, நாள். மார்ச்சு 22 உலகத் தண்ணீர் நாள். 2022 முதல் தமிழகத்தில் ஊரவை கூடும் ஆறு நாட்களில் அதுவும் ஒன்றாக வைக்கப்பட்டது. அந்நாளில் வேறெதுவும் பேசாமல் நீரை மட்டும் பேசும் ஊர், ஆண்டு முழுதும் நீர்பற்றிப் புலம்ப வேண்டியதிராது.

இவற்றைக் கேட்டு ஐயுறுவோர் உளர். ஊரார்க்கு என்ன தெரியும், பொறியியல் படித்தவர் செய்ய வேண்டிய வேலையன்றோ என்பர். எத்தனை விட்டமுள்ள குழாய் வேண்டும் என்பது பொறியாளர்க்குத் தெரியும். எந்தத் தெருவில் எந்த வேளையில் நீர் வாராது என்பது அத்தெருப் பெண்ணுக்குத்தான் தெரியும். இரண்டும் சேர்ந்தாலன்றித் திட்டம் நில்லாது. இதனைத் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் பொறியாளர்களே உணர்ந்த ஒரு காலம் உண்டு. 2004-ஆம் ஆண்டளவில் அவர்கள், மேலோர் கீழோர் என்னும் வேறுபாடின்றி வட்டமாக அமர்ந்து பேசும் முறையைக் கைக்கொண்டு, அதற்குக் கூடம் என்று தூய தமிழ்ப்பெயரே இட்டனர். 145 ஊர்களில் முதற்கண் அம்முறையை ஆய்ந்து பார்த்தனர். திட்டத்தை ஊராரிடம் கொண்டுபோய்க் கொடுப்பதை விடுத்து, ஊராரோடு அமர்ந்து வகுத்தனர். புதுக் கிணறு தோண்டுமுன் பழைய கிணற்றைச் செப்பனிட்டனர். அரசுப் பொறியாளர் ஊராரோடு தரையில் அமர்ந்ததால் பொறியியல் தாழ்ந்துவிடவில்லை, உயர்ந்தது.

யாழ்ப்பாணத்துத் தமிழரைப் பாருங்கள். ஆறில்லா மண் அது. சுண்ணக்கல்லின் கீழ் ஊறும் நீரே அவர்க்கு உயிர். பங்குக் கிணறு என்னும் முறையால் ஒரு கிணற்றைப் பலர் பகிர்ந்து, முறை வைத்து இறைத்து, பொன் விளையும் தோட்டங்களை வளர்த்தனர். ஆற்றுவளம் இல்லாதவர்க்கு ஒழுங்குவளம் இருந்தது.

மற்றோர் ஐயம், இதனினும் கூரியது. ஊரார் கையில் நீரைக் கொடுத்தால் சாதி கையில் கொடுத்ததாகாதோ என்பது. இக்கேள்வியை இலேசாகத் தள்ளிவிடுதல் இயலாது. 1927-இல் மகாடு என்னும் ஊரில் பொதுக்குளத்து நீரை ஒரு கை அள்ளிப் பருகுவதற்காக அம்பேத்கர் பெரும்படை திரட்டிச் செல்ல வேண்டியிருந்தது. அது மராட்டியம், பழங்கதை என்று சொல்லித் தமிழன் தப்ப முடியாது. 2022-ஆம் ஆண்டு திசம்பரில் புதுக்கோட்டை மாவட்டத்து வேங்கைவயலில், ஒடுக்கப்பட்ட மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மாந்தக் கழிவு கலந்திருக்கக் காணப்பட்டது. குழந்தைகள் குடித்து நோயுற்ற பின்னரே அது வெளிப்பட்டது. தமிழினம் தலைகுனிந்த நாள் அது. ஊருணி என்று பெயர் வைத்த மொழியிலே பேசும் மாந்தர் வாழும் மண்ணில் இது நேர்ந்தது!

ஆதலின் தெளிவாகச் சொல்லப்பட வேண்டும்: ஊர் என்பது மேலத்தெரு மட்டுமன்று. சேரியை விலக்கிய ஊர், ஊரே அன்று. ஒரே ஊர்க்கு இரண்டு தொட்டி கட்டுதல் தொல்லையைத் தவிர்க்கும் வழி என்று எண்ணுவோர் தொல்லைக்கு நிலையான கட்டடம் கட்டுகின்றனர். குடிநீர்க் குழுவில் ஒடுக்கப்பட்ட தெருவின் பெண் ஒருத்தி பெயரளவில் அல்லாமல், தொட்டியின் திறவுகோலைக் கையில் வைத்திருப்பவளாக அமர வேண்டும். அன்றுதான் ஊராளுகை என்னும் சொல் மெய்யாகும். அதுவரை ஊரார் ஆளுகையைக் கேட்பதற்குத் தமிழனுக்கு அரைத் தகுதியே உண்டு.

ஐயுறுவோர் மூன்றாவதாக, ஊராட்சியே இருக்கின்றதே, தனிக்குழு எதற்கு என்பர். 2016 முதல் 2019 முடியத் தமிழகத்து ஊராட்சிகளுக்குத் தேர்தல் நடைபெறாமல் தனி அலுவலர்களே ஆண்டனர். 2020 சனவரியில் பொறுப்பேற்ற தலைவர்களின் காலம் 2025 சனவரியில் முடிந்தபொழுதும் உடனே தேர்தல் வரவில்லை. மீண்டும் தனி அலுவலர். தேர்தல் தள்ளிப்போகும்; தாகம் தள்ளிப்போகாது. தலைவர் நாற்காலி வெறுமையாய் இருக்கும் நாளிலும் தொட்டி நிறைய வேண்டும் அன்றோ? ஊராட்சிக்குப் போட்டியாக அன்று, ஊராட்சிக்குக் கண்ணும் கையுமாகவே நீர்க்குழு வேண்டும்.

பெருமக்களே! இன்று தெருத்தெருவாக 20 லிட்டர்க் கேன் வருகின்றது. ஓர் ஊரின் நிலத்தடியில் இறைத்த நீரை, வடிகட்டி, அடைத்து, முத்திரை குத்தி, அடுத்த ஊரார்க்கே விலைக்கு விற்கின்றனர். வாங்குபவர் பலர்; ஊர்க்குழாயில் நம்பிக்கை இழந்தவர் அவர். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. குழாய்நீரை நம்பத்தக்கதாக ஆக்குவதே விடை. நீர்த்தேக்கத்தின் கரையில் வாழும் ஊரும் ஒருநாள் கேன் வாங்கிக் குடிக்கும் நிலை வருமாயின், அஃது அவ்வூரின் இழிவு மட்டுமன்று. அந்நீரைக் குடித்து வாழும் மாநகரத்தின் இழிவுமாகும்.

ஆகவே, தேர்வாய் கண்டிகையும் கண்ணன்கோட்டையும் போன்ற நீர்த்தேக்கக் கரையூர்களின் சார்பாக மூன்று கோரிக்கைகள் இந்த அவையில் வைக்கப்படுகின்றன. தேக்கத்தின் கரையூர்களுக்கு வேண்டிய குடிநீர், மாநகரப் பங்கிற்கு முன்னதாக எழுத்தில் வரையறுக்கப்படுக. தேக்கத்தின் நீர்மட்டமும் வெளியேறும் நீரளவும் நாள்தோறும் அவ்வூர்களின் ஊராட்சி வாசலில் தமிழில் எழுதப்படுக. தேக்கத்தின் ஆளுகையில் அவ்வூர்க் குழுக்களுக்கு இருக்கை தரப்படுக. இவை சலுகைகள் அல்ல. நிலம் கொடுத்தவர் கேட்கும் எளிய முறைமை.

அரசினிடம் கேட்பது மூன்று. ஊராரிடம் கேட்பது ஒன்றே. வரும் ஊரவை நாளில், ஊர்க் குடிநீர்க்குழுவின் உறுப்பினர் யார் யார் என்று எழுந்து நின்று கேளுங்கள். பெயர்களை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். பெயருக்குரியவர் அவையில் இருக்கின்றாரா என்று பாருங்கள். இல்லையேல் அன்றே, அவ்விடத்திலேயே, எல்லாத் தெருவினின்றும், பெண்கள் பாதிக்குக் குறையாமல் புதுக்குழுவை அமையுங்கள். மறுநாள் காலை அக்குழு தொட்டியின் மேலேறி உள்ளே எட்டிப் பார்க்கட்டும்.

அங்கிருந்து தொடங்குக.